சத்தமில்லாமல் மூடி வைப்பவள்

என் தங்கை படித்த பள்ளியில் ஆய்வுக்கூடமே இல்லை. அப்படியும் வேதியியலில் முதல் மதிப்பெண் வாங்கினாள். பயிற்சி வகுப்புக்குப் போகாமல் நுழைவுத் தேர்வில் தேறினாள். வெடிபொருள் ஆராய்ச்சிக்குப் பெண்பிள்ளை எதற்கு என்று திருப்பி அனுப்பியவர்களிடமே மறு வருடம் போய், உதவித்தொகையோடு இடம் வாங்கினாள். “வெடி வைக்கிறதுக்கா டாக்டர் பட்டம்?” என்று மாமா சிரித்தபோது, “வெடிக்காம வைக்கிறதுக்கு மாமா” என்றாள்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தால் சத்தம் வராது. கதவைச் சாத்தினால் சாத்தியது தெரியாது. எந்த அறைக்குள் நுழையும் முன்னும் புறங்கையால் இரும்புக் கைப்பிடியைத் தொடுவாள். உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கிவிடுமாம். அவளுடைய பருத்தி மேலங்கிகளை நான்தான் தைக்கிறேன். நைலான் நூல் ஓர் இழை கலந்திருந்தாலும், உரசி அந்த மின்சாரம் ஏறும் என்று பிரிக்கச் சொல்லி உட்கார்ந்துவிடுவாள்.

தன் வேலையை எனக்கு இப்படித்தான் சொன்னாள்: “வெடிமருந்துத் துண்டு முழுசா இருக்கிறவரைக்கும் சாது அக்கா. அடிபட்டு உள்ள விரிசல் விட்டுச்சுன்னா தொட்டாச்சிணுங்கி. எவ்வளவு விரிசலுக்கு எவ்வளவு சிணுங்கும்னு அளக்கறேன்.”

கடைசிச் சோதனைக்காக மாதக்கணக்கில் அச்சில் அழுத்தி எடுத்து வைத்த துண்டுகள், இந்த மார்ச்சில் பெட்டியோடு அவள் கையிலிருந்து நழுவின. முழங்கால் உயரம்தான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கீழே விழுந்ததைச் சொன்னால் அத்தனையையும் அழித்துவிடுவார்கள். உதவித்தொகை முடியப்போகிறது. மறுபடி செய்ய அவகாசம் கிடைக்காவிட்டால் பட்டம் போச்சு. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் வெளியூரில் இருந்தார். துண்டுகள் இருந்த அறையைப் பூட்டிச் சாவியோடு வீட்டுக்கு வந்தாள்.

கூடப் படிக்கும் தோழி பின்னாலேயே வந்தாள். “யாரும் பாக்கலடி. ஒரு கீறல்கூட இல்ல. வாய மூடிட்டு இரு.”

“கண்ணுக்குத் தெரியாத கீறலத்தானே அஞ்சு வருஷமா படிக்கிறோம்? அடுத்து அந்தப் பெட்டிய எடுக்கப்போறது நீதான்டி, லூசு.”

தோழி ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள், ஊர் திரும்பிய பேராசிரியரிடம் தங்கை நடந்ததைச் சொன்னாள். அந்த ஆய்வுக்கூடத்தில் எந்தத் தாளானாலும் கையெழுத்து அவருடையதுதான். அன்று, துண்டுகளை அழிப்பதற்கான தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “உன்ன நம்பலாம். பொறுப்பாளர்னு இருக்கிற இடத்துல நீயே போடும்மா.”

தங்கை தன் முழுப்பெயரை, எழுத்துக்கு எழுத்து இடிக்காமல், நிதானமாக எழுதினாள். அடியில் தேதி போட்டாள்: மார்ச் பதினேழு.