மூக்குக்குள்ளே ஆபரேஷன்... வெளியே ஒரு பிளாஸ்டர்கூட இல்லை!

பக்கத்து வீட்டு ராசாத்தி அன்று கேட்டைத் திறந்து வரவில்லை. மதில் ஏறிக் குதித்து வந்தாள்.

"அக்கா! ஸ்விட்சைத் தொட்டுப்போடாதீங்க! கேஸ் நாத்தம் எங்க ஊடு வரைக்கும் அடிக்குதுங்க!"

நான் எங்கே இருந்தேன் என்கிறீர்கள்? சமையலறையில்தான். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. கேஸ் மட்டும் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அடுத்து குக்கர் வைக்க வேண்டும் என்று லைட்டரைக் கையோடு எடுத்து மடியில் போட்டிருந்தேன்.

ராசாத்தி ரெகுலேட்டரை மூடினாள். ஜன்னல்களைத் திறந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நெசமாவே உங்களுக்கு வாசம் தெரியலீங்களாக்கா?"

"தெரியலை ராசாத்தி."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கண் தெரியாதவர் சாலையைக் கடப்பதைப் பார்ப்பது போல இருந்தது.

நான் கேரள எல்லையில் இருக்கிற வாளையார்க்காரி என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு முன்னால் நெடுஞ்சாலை. ராத்திரி பகல் என்றில்லாமல் லாரி. வருஷக்கணக்கில் மூக்கடைப்பு. காலையில் எழுந்தால் வரிசையாகத் தும்மல், நெற்றியில் பாறாங்கல். ஃபோனில் 'அம்மா' என்று கூப்பிட்டால் எதிர்முனையில் 'அப்பாவா, அவர் வெளியே போயிருக்கார்' என்பார்கள். தைலம் தேய்த்தேன், ஆவி பிடித்தேன், மாத்திரை போட்டேன். வாசனை எப்போது போனது என்றே எனக்குத் தெரியாது. கரண்ட் போனால் தெரியும். வாசனை போனால் யாருக்குத் தெரிகிறது?

என் கணவர் பழனிச்சாமி லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். நாளெல்லாம் ஃபோனில் கத்துகிறவர், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறப்பதில்லை. அன்று ராசாத்தி சொன்னதைக் கேட்டுவிட்டு அடுப்புத் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து மூடினார்.

"காலைல பாலக்காட்டுக்குப் போறோம். டாக்டரைப் பாக்கறோம்" என்றார். அவ்வளவுதான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பாலக்காட்டுக்காரர் என்பதால் தமிழும் மலையாளமும் கைகோத்துத்தான் வரும். முதலில் சில வாரம் மருந்தும் ஸ்பிரேயும் கொடுத்துப் பார்த்தார். என் மூக்கு மசியவில்லை. பிறகு ஸ்கேன் எடுத்து, படத்தை வெளிச்சத்தில் காட்டினார்.

"கறுப்பா இருந்தா காத்து. வெள்ளையா இருந்தா அடைப்பு" என்றார்.

என் படம் முழுக்க வெள்ளை.

"சேச்சி, பேடிக்கண்டா" என்றார் – அக்கா, பயப்படாதீர்கள் என்று அர்த்தம். "மூக்கைச் சுத்தி சின்னச் சின்ன ரூம் இருக்கு. அதான் சைனஸ். உள்ள காத்து போய் வரணும். உங்களுக்கு வாசல்ல எல்லாம் தசை வளர்ந்து அடைச்சிருக்கு. ஆபரேஷன்ல வாசலைத் தொறந்து விடறோம். வீட்டை இடிக்கறதில்லை."

நான் மனசில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "கண்ணு போயிருமுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

"கண்ணும் மூளையும் பக்கத்துலதான் இருக்கு. ஆபத்தே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ரொம்பக் கொறவு. அதுக்குத்தான் ஸ்கேன், அதுக்குத்தான் கேமரா. பார்த்துப் பார்த்துத்தான் செய்றது."

"வாசனை திரும்பி வருங்களா?"

"வரலாம். உடனே வராது. முழுசா வரும்னு வாக்கு தர மாட்டேன். தசை திரும்ப வளராம இருக்க, ஆபரேஷன் கழிஞ்சும் ஸ்பிரே அடிச்சிட்டுதான் இருக்கணும்."

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் பயந்திருப்பேன். எது சரியாகும், எது சந்தேகம் என்று பிரித்துச் சொன்னார் பாருங்கள்... அங்கேயே தைரியம் வந்துவிட்டது.

ஆபரேஷனைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. மயக்க மருந்து கொடுத்தார்கள், தூங்கினேன். எழுந்த பிறகுதான் கதை. இரண்டு மூக்குத் துவாரத்திலும் துணியை இறுக்கித் திணித்திருந்தார்கள். வலி? அது நான் பயந்த அளவுக்கு இல்லை. கஷ்டம் வேறு இடத்தில். வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கஞ்சி குடித்தால் ஒன்று மூச்சு விடலாம், அல்லது முழுங்கலாம். இரண்டும் சேர்த்துச் செய்ய முடியாது. முழுங்கும்போது காது 'டப்' என்று அடைக்கிறது. தொண்டை வழியாக உள்ளே போன ரத்தம் கறுப்பாக வாந்தி வந்தது. அலறிவிட்டேன். நர்ஸ் அலட்டிக்கொள்ளாமல் தட்டை நீட்டி, "இது சகஜம் சேச்சி" என்றார். யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

துணியை எடுத்த அன்று... இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, கிணற்றுக் கயிறு மாதிரி. எடுத்ததும் உள்ளே ஜில்லென்று காற்று போனது. எத்தனையோ வருஷம் கழித்து மூக்கால் ஒரு மூச்சு! கண்ணில் தண்ணீர் வந்தது. வலியாலா, சந்தோஷத்தாலா என்று கேட்காதீர்கள். தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சட்டதிட்டங்களைச் சொன்னார். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். புகை, தூசி பக்கம் போகக் கூடாது. பார்வை மங்கினாலோ, கண் வீங்கினாலோ, காய்ச்சலோ கடும் தலைவலியோ வந்தாலோ, மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் மாதிரி சொட்டினாலோ, ரத்தம் நிற்காமல் போனாலோ நேரே ஆஸ்பத்திரிக்கு.

அப்புறம் மூக்குக் கழுவுதல். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் உப்புப் பொடியைக் கலந்து, ஒரு பக்கம் பீய்ச்சினால் மறுபக்கம் வரும். முதல் நாள் பாத்ரூம் கதவுக்கு வெளியே பழனிச்சாமி காவல்.

"வருதா?"

"வருதுங்க."

"என்ன வருது?"

"கேக்காதீங்க!"

இதெல்லாம் சுலபம். கஷ்டமான பகுதி இனிமேல்தான். முகத்தில் தழும்பு இல்லை. கட்டு இல்லை. வீக்கமும் வடிந்துவிட்டது. கால் உடைந்தவருக்கு மாவுக்கட்டு ஒரு மரியாதை. எனக்கு? கண்ணாடியில் பார்த்தால் ஆபரேஷனுக்கு முன்னால் இருந்ததைவிடக் கொஞ்சம் அழகாகவே இருந்தேன். ஒரு நோயாளிக்கு இது நல்லதா?

அப்போதுதான் என் கணவரின் அக்கா சரசு வந்தார். எங்கள் பக்கத்தில் நாத்தனாரை 'நங்கையா' என்போம். கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறார். புது வீடு கட்டி முடித்து, அடுத்த வாரம் பால் காய்ச்ச இருந்தார். வந்ததும் என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"எங்கெ பண்ணுனாங்க? ஒண்ணையுங் காணமே?"

"உள்ளுக்குள்ளங்க நங்கையா."

"அட, நல்லா டவுனுக்குப் போறவளாட்டத்தான இருக்கறே! ஊட்டு விசேசத்துக்கு முந்துன நாளே வந்துரோணும். ஓமத்துக்கிட்ட நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் சேந்து நிக்கோணும், ஆமா."

ஹோமப் புகை.

"டாக்டர் புகைப் பக்கம் போகக் கூடாதுன்னு..."

"எனக்குந்தான் வருசக்கணக்குல மண்டையிடி, மூக்கடைப்பு. நா என்ன ஆஸ்பத்திரியிலயா போயிப் படுத்துக்கிட்டேன்? இந்தக் காலத்துல தும்முனாக்கூட ஆபரேசன்!" என்றவர், சேலை முந்தானையைச் செருகிக்கொண்டார். "செரி, அந்தப் பித்தளை அண்டாவ எடு. விசேசத்துக்கு வேணும்."

அண்டா கட்டிலுக்கு அடியில் இருந்தது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கே நான் நோயாளி என்று நம்பிக்கை இல்லாமல் போயிருந்தது. குனிந்தேன். இழுத்தேன்.

மூக்குக்குள் ஏதோ சூடாக இறங்கியது. அண்டா மூடிமேல் ஒரு சொட்டு. இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

"ஐயோ சாமி!" என்று நங்கையா சுவரைப் பிடித்துக்கொண்டார். "படுத்துக்க கண்ணு! தலைய அண்ணாந்துக்க!"

படுக்கக் கூடாது, அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கையைக் காட்டி 'வேண்டாம்' என்றேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, லேசாக முன்னால் சாய்ந்து, வாயால் மூச்சு விட்டேன். துண்டில் ஐஸைச் சுற்றித் தரச் சொன்னேன். நங்கையா ஃபிரிட்ஜ் வரை போனார். திரும்பி வரும்போது அவர் முகம் என்னைவிட வெளுத்திருந்தது. ஐஸை நீட்டிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பழனிச்சாமி காரை எடுத்துக்கொண்டு வருவதற்குள் ரத்தம் குறைந்திருந்தது. ஆனாலும் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கேமராவை விட்டுப் பார்த்தார். சின்ன ரத்தக் குழாய்தானாம். உள்ளே காய்ந்திருந்த பொருக்குகளையும் சுத்தம் செய்துவிட்டு, "பிரச்னை இல்லை. இனி குனிஞ்சா நான் விளிச்சு வழக்குப் பறயும்" என்றார். கூப்பிட்டுத் திட்டுவாராம்.

திரும்பும் வழியில் காரில் பழனிச்சாமிதான் பேசினார். "அக்கா, இவ விசேசத்துக்கு வர மாட்டா. நா மட்டும் வர்றேன்."

நங்கையா சரியென்று தலையாட்டினார். ரொம்ப தூரம் போன பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏம் புள்ள... துணிய உருவறப்ப ரொம்ப வலிச்சுதா?"

எனக்குப் புரிந்துவிட்டது. இது விசாரிப்பு இல்லை. பயம். வருஷக்கணக்காகத் தலைவலியைத் தைலத்தால் மூடி வைத்துக்கொண்டு, எங்கே நமக்கும் கத்தி என்று சொல்லிவிடுவார்களோ என்று ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் இருந்திருக்கிறார். என் ஆபரேஷன் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டால், அவருடைய நோயும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும் அல்லவா? ஊரில் பாதிப் பேர் அடுத்தவர் நோயைக் கேலி செய்வதற்குக் காரணம் இதுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

"வலிச்சுதுங்க. ஆனா தாங்க முடிஞ்சுது" என்றேன்.

வீட்டு விசேஷத்தை வீடியோ காலில் பார்த்தேன். பால் பொங்கும்போது நங்கையா ஃபோனைப் பானைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார். ஏன் வரவில்லை என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், "அவளுக்கு மூக்குக்குள்ள ஆபரேசன். ரத்தத்தை என்ற கண்ணால பாத்தனுங்க" என்று அவரே சொன்னது எனக்குக் கேட்டது.

வாசனை வந்ததா என்கிறீர்களா? ஒரு மாதம் வரை ஒன்றுமில்லை. மல்லிகையை முகர்ந்தேன், காகிதம். காபியை முகர்ந்தேன், வெந்நீர். டாக்டர் சொன்ன அந்த 'வரலாம்' என்ற வார்த்தையையே பிடித்துக்கொண்டு, விடாமல் கழுவினேன், ஸ்பிரே அடித்தேன்.

ஒருநாள் காலை, மழையில் நனைந்த வெங்காய லோடுடன் ஒரு லாரி பிரேக் டவுனாகி எங்கள் வீட்டெதிரே நின்றது. உள்ளே முழுக்க அழுகல். தெருவே மூக்கைப் பொத்தியது. ராசாத்தி ஜன்னல்களை அறைந்து சாத்தினாள். நான் வாசலில் நின்றேன். லேசாக... ரொம்ப லேசாக... ஏதோ குமட்டியது. இன்னும் பக்கத்தில் போனேன். நாத்தம்! சந்தேகமே இல்லை, அசல் நாத்தம்! லாரிக்குப் பக்கத்தில் நின்று ஆழமாக இழுத்து இழுத்து முகர்ந்தேன். டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு கிளீனரிடம் ஏதோ சொன்னார். சொல்லட்டும்.

இப்போது முழுசாக இல்லை, முக்கால்வாசி வந்திருக்கிறது. எனக்கு அது போதும்.

போன வாரம் நங்கையாவை அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேனுக்குள் போகும் வரை என் கையை விடவில்லை. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் வேண்டா. கழுவல், ஸ்பிரே, மருந்து... மதி" என்றார். போதுமாம். நங்கையாவுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ஃபோன் போட்டார். "ஆமாங், மூக்குல பெரிய பிரச்சினைங்க. அண்டா குண்டா எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிசனாச் சொல்லிப்போட்டாங்க..."

டாக்டர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. நான் திருத்தப் போகவில்லை. நோயை மறைத்துக்கொண்டிருந்தவர் அதைப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டால், பாதி குணமாகிவிட்டார் என்றுதான் அர்த்தம்!