சுகந்தி அக்கா தமிழில் சொல்ல மறுத்த வாக்கியம்

"அவ எங்களை விட்டுட்டுப் போட்டா, தம்பி." சுகந்தி அக்காவின் கணவர் தொலைபேசியில் அவ்வளவுதான் சொன்னார். நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் இரைச்சலிலும் எனக்கு ஒருமுறையிலேயே கேட்டது.

சுவிட்சர்லாந்தின் வில் நகரப் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு அக்காவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பள்ளிக்கூடக் கூட்டங்களில் ஆசிரியர்கள் பேசுவதை நமக்குத் தமிழில் சொல்வது அவருடைய தொழில்.

என் மகள் முதலாம் வகுப்பில் சேர்ந்தபோது, பள்ளியில் இரண்டு வகுப்புகள் வைத்தார்கள். ஒன்றில் சுவிஸ் பிள்ளைகள். மற்றதில் தமிழ், அல்பேனிய, எரித்திரியப் பிள்ளைகள். அனேகமாக எல்லோரும் இங்கேயே பிறந்தவர்கள். பெற்றோர் கூட்டத்தில் பள்ளி அதிபர் சிரித்த முகத்துடன், "மொழி உதவிக்காகத்தான் இந்த ஏற்பாடு. உங்கள் பிள்ளைகளின் நன்மைக்கே" என்றார். மொழிபெயர்க்கச் சொல்லி அதிபர் அக்காவைப் பார்த்தார். அக்கா எங்கள் பக்கம் திரும்பினார்.

"இதை நான் தமிழில சொல்லமாட்டன். இந்தப் பிள்ளையள் வீட்டில சண்டை பிடிக்கிறதே சுவிஸ் ஜெர்மனில. பிறகென்ன மொழி உதவி? தோலைப் பாத்துப் பிரிச்சிருக்கினம். அதை அவர் வாயால சொல்லட்டும், நான் மொழிபெயர்க்கிறன்."

பிறகு அதையே அதிபரிடம் அவருடைய மொழியில் சொன்னார். அதன்பின் அந்தப் பள்ளி அவரை வேலைக்கு அழைக்கவே இல்லை.

அவர் ஓயவில்லை. சுவிஸ் பிள்ளைகளின் வகுப்பிலிருந்த ஒரு பையனின் தகப்பனை, ஒரு சுவிஸ்காரரை, நகரசபைக்கு அழைத்துப் போனார். "என் மகனையும் அந்தப் பிள்ளைகளோடு இருத்துங்கள்" என்று அந்தத் தகப்பன் கேட்டார். இடமில்லை என்றார்கள். எங்கள் பிள்ளைகளின் வகுப்பில் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன! அந்தப் பொய் வெளிப்பட்டதும் அடுத்த ஆண்டு வகுப்புகளைக் கலந்தார்கள்.

இப்போது மறுபடியும் பிரித்துவிட்டார்கள். நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த அக்காவிடம் நான் அதைச் சொன்னபோது, படுத்திருந்தவர் எழும்பி உட்கார்ந்தார்.

"திருப்பியுமோ? இந்தமுறை என்ன பேர் வைச்சிருக்கினம்?"

"ஆதரவு வகுப்பாம், அக்கா."

"வெக்கங்கெட்டவை" என்றார். அவரிடம் நான் கேட்ட கடைசிச் சொல் அதுதான்.

இறுதிச் சடங்கில் பள்ளி நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, அவர் இரு சமூகங்களுக்கும் பாலமாக இருந்தவர் என்று புகழ்ந்தார். பாலமாம்! மிதித்துப் போக விடாததற்காகத்தானே அவருடைய வேலையைப் பறித்தீர்கள்?

மற்றவர்கள் அவருடைய புன்னகையை நினைவில் வைத்திருக்கட்டும். நான் அவருடைய கோபத்தை வைத்துக்கொள்கிறேன். அதை ஆறவிட மாட்டேன். வியாழக்கிழமை மாலை பெற்றோர் கூட்டம். அவரை அறிந்தவர்கள் மலர்வளையத்தோடு நின்றுவிடாமல் அங்கே வாருங்கள்.