பதினான்கு பேர் வகுப்பில் நான் சொன்ன பொருள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த காலத்தில், மேற்பார்வையாளர் தேர்வு எழுதுகிறவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். மொத்தம் பதினான்கு பேர். ஒருவர் உலையில் சம்மட்டி பிடித்தவர், எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். தேர்வின் இரண்டு தாள்களில் தேறிவிட்டார். ஆங்கிலம் மட்டும் பாக்கி.

ஒருநாள் கேட்டார்: "ராட் அயர்ன் (wrought iron) கேட்டுன்றாங்களே சார், அந்த ராட்டு, வொர்க்குன்ற வார்த்தைலேர்ந்து வந்ததா? அடிச்சி வேல செஞ்ச இரும்புன்னுதான அர்த்தம்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "நாசம் செய்யறதுக்கு ரீக்குன்னு (wreak) ஒரு வினை இருக்கு, அதோட பழைய வடிவம் பாய். சம்மட்டிய விட்டுட்டு அகராதி எழுதப் போறீங்களா?" என்றேன். மற்ற பதின்மூன்று பேரும் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. தேர்வும் எழுதவில்லை. சம்மட்டியோடேயே ஓய்வு பெற்றார்.

போன மாதம் ஆவடியில் ஒரு நூலகத்தில் ஆங்கில அகராதியில் வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. ராட் என்பது வொர்க்கின் பழைய இறந்தகாலமேதான். மதுரை பேச்சில் மருதை ஆனதுபோல, நடுவிலிருந்த ர் ஓசை முன்னால் நகர்ந்திருக்கிறது. ரீக்குக்கும் அதற்கும் உறவில்லை என்று தனிக்குறிப்பே இருந்தது. நான்கு முறை படித்தேன்.

விசாரித்துக்கொண்டு குமணன்சாவடியில் அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரும் முன்பே, அவர் சொன்னதுதான் சரி என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தெர்யும் சார்," என்றார். "அன்னிக்கே எம் பொண்ணு புக்க பாத்து சொல்லிச்சி."

"அப்புறம் ஏன் பாய் வரலை?"

"வந்தா என் வாய் சும்மா கீதா? அவ்ளோ பேர் முன்னால சொல்லிட்ருப்பேன். உன் மூஞ்சி இன்னா ஆவும்?" சிரித்தார். பிறகு, "அதுவும் இல்லாம, பசங்க என்ன அகராதி பாய்னு கூப்ட ஆரம்பிச்சிட்டானுங்க. ரிட்டேர் ஆவுற வரிக்கும் கூப்ட்டானுங்க சார்."

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "அந்த சாரா இவுரு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் மன்னிப்புக் கேட்டது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டது. சிரித்த பதின்மூன்று பேரில் நால்வர் இறந்துவிட்டார்கள். ஏழு பேருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், அவர் சொன்னதுதான் சரி என்று. ஒருவருக்கும் அந்தச் சொல் ஞாபகமில்லை. "யாரு, அகராதி பாயா?" என்றுதான் ஏழு பேரும் கேட்டார்கள்.

மீதி இருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.