ஓடுதளத்தில் ஓட்டப் பழகிய இருசம்மாள்

குறிஞ்சிப்பாடிக்கு மேற்கே, முந்திரிக்காட்டு நடுவில் கிடக்கும் அந்தப் பழைய விமான ஓடுதளத்திலிருந்து கடைசியாகப் பறந்தது இருசம்மாள் ஓட்டிய லோடு வண்டிதான். நான்கு சக்கரமும் தரையை விட்டு ஒரு முழம் எழும்பின. சரி, முழம் கொஞ்சம் ஜாஸ்தி. நாலு விரற்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட தளம் அது. யுத்தம் முடிந்தது, விமானம் போனது, சிமெண்டுத் தரை மட்டும் ஊருக்கு மிஞ்சியது. இப்போது அங்கே சனங்கள் வண்டி பழகுகிறார்கள். உளுந்து அறுப்புக் காலத்தில் செடியைப் பரப்பிவைப்பார்கள். பழகுகிற வண்டி ஏறி ஏறி மணி உதிரும். இரண்டு வேலைக்கும் ஒரே டீசல்.

இருசம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள் புருஷன் அன்பரசு. பலாப்பழமும் முந்திரியும் ஏற்றுகிற சொந்த வண்டி. இருவரும் மாறி மாறி ஓட்டினால் சிதம்பரம் வரை லோடு பிடிக்கலாம் என்பது ஆசை. ஆனால் அவள் கற்றதெல்லாம் நேராகப் போவது. தளத்தின் கோடி வந்ததும் இறங்கிக்கொள்வாள். அன்பரசு திருப்பிக் கொடுப்பான். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி குலுங்கி அணைந்துபோகும்.

ஒரு பங்குனி மாதம், வெயில் தாழ்ந்த நேரம். கோடியில் வண்டி நின்றது. அன்பரசு இறங்கிப் புதர்ப் பக்கம் ஒதுங்கினான். “யம்மா!” என்று ஒரு சத்தம். இடது காலை இழுத்துக்கொண்டு வந்தான்.

“விரியன், இருசு. கண்ணால பாத்தேன்.”

கணுக்காலில் இரண்டு பொட்டு ரத்தம்.

“நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க மாமா!”

“காட்டுக்குள்ள டவரு எங்க கெடைக்குது? நீயே ஓட்டு.”

“எனக்குத் திருப்பத் தெரியாதே!”

“இன்னிக்குத் தெரிஞ்சிக்க.”

அவனைப் பக்கத்தில் ஏற்றிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். போகவேண்டிய வழி முதுகுக்குப் பின்னால் இருந்தது. வண்டியோ முன்னால் பார்த்துக்கொண்டு நின்றது. வளைத்தாள். முள் கண்ணாடியைக் கீறிக்கொண்டு போனது. கவிழ்ந்தால் மாமாவைத் தூக்க இங்கே யார் இருக்கிறார்கள்? வளைந்த வண்டி நேரே உளுந்துப் பரப்பின் மேல் ஏறியது. செடி கிளறிக்கொண்டிருந்த தில்லையம்மாள் எகிறிக் குதித்தாள்.

“ஏண்டி, உளுந்த மிதிக்கச் சொன்னா ஆள மிதிக்க வர்றியா?”

“மாமாவ பாம்பு கடிச்சிடுச்சிக்கா! நவுருங்க!”

தில்லையம்மாள் செடியை வாரி எறிந்து வழிவிட்டாள். பின்னாலேயே ஓடிவந்து கத்தினாள்: “நிறுத்திடாதடி! நிறுத்துனா மறுபடி கெளம்பாது!”

அந்தச் சொல் இருசம்மாள் நெஞ்சில் ஆணியாக இறங்கியது.

அப்புறம் ரோடு. ரோட்டில் வளைவு உண்டு, எதிரே பஸ் உண்டு, குறுக்கே ஆடு உண்டு. ஓடுதளத்தில் இதில் ஒன்றும் கிடையாது. பஸ் ஹாரன் அடித்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். மூடியது தெரிந்து அதற்கும் சேர்த்துப் பயந்தாள். பக்கத்தில் அன்பரசு வாந்தியெடுத்தான். கால் பூசணியாக வீங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவன் பேச்சு நின்றது. பஸ்ஸை விட அதுதான் அவளை உலுக்கியது.

“மாமா, திட்டுங்க. எதையாவது சொல்லித் திட்டிக்கிட்டே வாங்க!”

“பிரேக்கு... நடுவுல இருக்குதுடி, மூதேவி” என்றான் முனகலாக. அவளுக்குப் போன உயிர் வந்தது.

ஆஸ்பத்திரிப் படியில் முட்டித்தான் வண்டி நின்றது. சக்கரமெல்லாம் உளுந்துச் செடி. விஷமுறிவு மருந்து பாட்டில் பாட்டிலாக ஏறியது. அவன் கண் திறந்து “வண்டிய ஆஃப் பண்ணியா?” என்று கேட்கும்வரை அவள் கட்டிலை விட்டு நகரவில்லை.

அன்று அவள் வந்த வேகத்துக்குக் காற்றே ஒதுங்கி நின்றது என்று நான் இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போது, இன்னமும் காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் அன்பரசு குறுக்கே புகுந்தான்.

“காத்தாவது, ஒதுங்கறதாவது! ஆஸ்பத்திரி வரைக்கும் ஃபர்ஸ்ட் கியர்லயே வந்தா. புல்லுக்கட்டு வெச்ச சைக்கிளுகூட எங்கள முந்திக்கிட்டுப் போச்சி. கியர மாத்துடின்னா, ‘அணைஞ்சிட்டா உங்களுக்கு என்னாவும் மாமா’ன்னு ஒரே அழுவ.”