கல்வெட்டு அட்டையில் இருந்த முகம்

என் மனைவி போன மார்கழியில் இறந்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அடித்தோம். தேவாரமும் வாழ்க்கைக் குறிப்பும் போட்டு, வந்தவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். அட்டைக்கு அவள் படம் வேண்டும். வீட்டில் தேடினால், அவள் இருக்கிற படம் பாஸ்போட் அளவில் ஒன்றுதான் கிடைத்தது. அதுவும் மங்கல்.

"கவலைப்படாதேங்கோ அண்ணை, இப்ப ஏஐ இருக்கு. வடிவாக்கித் தரும்" என்றார் அச்சுக்கடைக்காரர்.

தந்தது. நல்ல வெள்ளை நிறம். மூக்கும் கூர்.

மகள் பார்த்துவிட்டு, "அப்பா, தட்ஸ் நொட் அம்மா" என்றாள்.

"வடிவாத்தானே கிடக்கு. விடு பிள்ளை."

இருநூறு அடித்தோம். "இளமையில நல்ல நிறமா இருந்திருக்கிறா" என்று ஒரு அன்ரி சொன்னா. நான் தலையாட்டினேன். அவள் ஒருநாளும் அந்த நிறமில்லை. கறுப்பு.

பிறகு நான் வெளியே போகாமல் இருந்தேன். மகள் மார்க்கம் நகரிலிருந்து வந்து, நூலகத்தில் நடந்த ஒரு வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஏஐ பற்றியது. ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுபோய் விற்கப்பட்ட சனங்களின் வரலாற்றை வைத்து அதைப் படிப்பித்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பாதி விளங்கியது. மீதியை மகள் காதுக்குள் சொன்னாள்.

படிப்பித்தவர் ஜமேக்காவில் பிறந்த பெண். தன் பெரியம்மாவின் படத்தைத் திரையில் போட்டார். இந்த நாட்டுக்கு வீட்டுவேலைக்கு வந்தவராம். நல்ல கறுப்பு. இயந்திரம் திருத்திய படத்தைப் பக்கத்தில் போட்டார். வெளுத்திருந்தது. மூக்கு ஒடுங்கியிருந்தது.



இயந்திரத்துக்கு வெறுப்புக் கிடையாது என்றார் அவர். மனிதர் எதை அழகென்று சேர்த்து வைத்தார்களோ, அதைப் பார்த்துத்தான் பழகியதாம். தன் முன்னோரை விற்றவர்கள் அவர்களின் வயதையும் உயரத்தையும் எழுதினார்கள், பெயரை எழுதவில்லை. எழுதாததை அது எங்கே படிக்கும் என்று கேட்டார்.

அடுத்த கிழமை கல்வெட்டைக் கொண்டுபோனேன். வகுப்பு முடிந்ததும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். இப்படித்தான் இருந்தாரா என்று கேட்டார்.

"நோ" என்றேன்.

இதைத் தெரிந்தெடுத்தது யார் என்றார்.

"மீ."

அவர் புத்தகத்தைத் திருப்பித் தந்தார்.

பாஸ்போட் படத்தை அச்சுக்கடையில் கேட்டோம். தொலைத்துவிட்டார்கள். படம் போட்ட அவளுடைய அடையாளக் கார்ட்டுகளை எல்லாம் செத்தபின் அரசாங்கத்துக்கே அனுப்பிவிட்டோம். மகள் சொந்தக்காரர் எல்லாரிடமும் வட்ஸ்அப்பில் கேட்டாள். ஒன்றுதான் வந்தது. ஸ்ரௌவ்வில் நகரில் சொந்தக்காரர் ஒருவரின் புதுவீட்டுக் குடிபூரலில் எடுத்தது. எல்லாருக்கும் பின்னால் நிற்கிறாள். ஆருடையதோ தோள் அவள் பாதி முகத்தை மறைக்கிறது.

"அம்மா ஏன் எப்பவும் பின்னுக்கு? படம் எண்டால் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிடுவா" என்றாள் மகள்.

சொன்னேன். வந்த முதல் வருசம், சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த கட்டடத்துக்கு முன்னால், ஊருக்கு அனுப்பப் படம் எடுத்தோம். எங்கும் பனி. கூட்டாளிமாருக்கு முன்னால் நான், "பனிக்குள்ள நிண்டால் இவள் இன்னும் கரியாத் தெரிவாள், படம் பழுதாப்போயிடும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் நில்லுங்கோ, நான் எடுக்கிறன்" என்று கமராவை வாங்கினாள். பிறகு அதை ஒருவரிடமும் கொடுக்கவில்லை.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். "மற்றப் பாதியை ஏஐயிட்டைக் கேட்டு எடுக்கலாம். டூ யூ வோண்ட்?" என்றாள்.

"வேண்டாம். பாதி போதும்."

தோளையும் வெட்டாமல் பெரிதாக்கி மாட்டினோம். வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர், "ஆர் இது?" என்று கேட்கிறார்கள்.

"என்ரை மனுசி" என்கிறேன்.