பாவு நீட்டும் நேரத்தில் உயரம் தாண்டல்

விடியுமுன்னே வேலூரில் பஸ் ஏறினேன். கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்கு நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. நான் வேலூர்க் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. பல்கலைக்கழக அணிக்கு உயரம் தாண்டும் மாணவிகளைத் தேர்ந்தெடுக்க அனுப்பப்பட்ட இருவரில் ஒருத்தி.

காலை ஆறு மணி. பேர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் ஆரணிக் கல்லூரி மைதானத்துக்கு வரவில்லை.

"கவிதான்னு ஒரு பொண்ணு, நல்லா தாண்டும் மேடம். வருஷா வருஷம் பேரு குடுக்குது, வரமாட்டுது. இதான் அதுக்குக் கடைசி வருஷம்" என்றார் அந்த ஊர் ஆசிரியர்.

"ஆர்வமில்லன்னு எழுதிட்டு ஜல்தி கெளம்பலாம்" என்றார் என்னோடு வந்த தேர்வாளர்.

எனக்கு எரிச்சல் வந்தது. ஆர்வமில்லாதவள் எதற்கு வருஷா வருஷம் பேர் கொடுக்கிறாள்? அவள் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

"நெசவுத் தெருவுக்குள்ள இப்போ வண்டி போவாதுங்க, பாவு போட்டுகினு இருப்பாங்க" என்று டிரைவர் முனையிலேயே இறக்கிவிட்டார்.

தறியில் ஏற்றுமுன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, பிரித்து நேராக்கிக்கொண்டிருந்தார்கள். கவிதா யார் என்று கேட்டதற்கு எதிர்ப்பக்கம் நின்ற பெண்ணைக் காட்டினார்கள். அவளிடம் போகக் காலைத் தூக்கினேன்.

"பாவ தாண்டாதீங்கம்மா, சுத்திகினு வாங்க" என்று அவள் அம்மா தடுத்தார். இங்கே அது ஆகாதாம். உயரம் தாண்டுகிற பெண் எந்தத் தெருவில் பிறந்திருக்கிறாள் பாருங்கள்.

சுற்றிக்கொண்டு போய், ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"வெயில் ஏறிச்சின்னா இழை அறுந்துபூடும் மேடம். எங்க பாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க வருவாங்க, அவங்க பாவுக்கு நாங்க போவணும். நீங்க எப்பவும் ஆறு மணிக்கே வெச்சா எப்படி வர்றது?"

வெயிலுக்குப் பயந்துதான் நாங்களும் ஆறு மணி வைக்கிறோம். ஆளே கிடைப்பதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் புலம்பினோமே தவிர, ஒருவரும் இந்தத் தெருவில் கேட்கவில்லை. சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. சாயங்காலம் இன்னொரு தேர்வு வைக்கலாம் என்று போனில் சொன்னேன். "பேஜாரா போச்சு மேடம்" என்றாலும், தேர்வாளர் ஒப்புக்கொண்டார்.

நான்கு மணிக்குக் கவிதாவோடு அதே தெருப் பெண்கள் இன்னும் மூவர் வந்தார்கள். அம்மாவும் வந்திருந்தார். குறுக்குக் கம்பு ஏற ஏற ஒவ்வொருத்தியாக ஒதுங்க, கவிதா மட்டும் மிஞ்சினாள். கடைசியாகப் பக்கக் கம்பத்தின் உச்சித் துளையில், கம்பைத் தாங்கும் முளையைச் செருகினோம். அதையும் தாண்டினாள், கம்பு ஆடக்கூட இல்லை. அதற்கு மேல் அந்தக் கம்பத்தில் துளை கிடையாது.

தேர்வாளர் அவள் பேரை முதலில் எழுதினார். திங்கட்கிழமை தொடங்கும் வேலூர்ப் பயிற்சியும் காலையில்தான் என்று நான் தயங்கிச் சொன்னேன்.

"பொண்ணு போவட்டும்ங்க. பாவுக்கு நான் ஆளு பாத்துக்கறேன்" என்றார் அம்மா.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் கல்லூரியையே நினைத்துக்கொண்டு வந்தேன். பால் கறக்கவும் பூக்கட்டவும் போய், ஆறு மணிக்கு வராமலே போனவர்கள் அங்கே எத்தனை பேரோ. அடுத்த தேர்வை இரண்டு வேளையும் வைப்பதாக இருக்கிறேன்.

கவிதாவால் எவ்வளவு உயரம் முடியும் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. திங்கட்கிழமை வேலூரில் தெரிந்துவிடும்.