கண்டனூர் வீட்டுக் குரல்

பயப்படுவது எனக்குப் பிடிக்கும். சின்ன வயதுப் பழக்கம் அல்ல இது. காரைக்குடியில் ஓர் அச்சுக்கூடத்தில் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்த பிறகு, இருபத்திரண்டு வயதில் பிடித்த பித்து. அப்போது சந்தைக்குப் பக்கத்துப் பொட்டலில் கூடாரம் போட்டு ஊமைப் படம் காட்டுவார்கள். எல்லாம் சீமைப் படங்கள். பாழடைந்த மாளிகைக்குள் ஒருத்தி விளக்கோடு நடப்பாள். பக்கத்துச் சுவரில் அவளுடையதல்லாத நிழல் ஒன்று கூடவே நடக்கும். திரையோரம் நின்று கதை சொல்லும் ஆள், "திரும்பாதே தாயே, திரும்பிப் பார்க்காதே!" என்று தொண்டை கிழியக் கத்துவார். மணலில் உட்கார்ந்திருக்கும் எனக்கு முதுகு சில்லிடும். அந்தச் சில்லிப்புக்காக ஒரே படத்தை நான்கு தடவை பார்த்திருக்கிறேன்.

படம் இல்லாத நாட்களில் பேய்க் கதை கேட்பேன். சிவகங்கைக் கோர்ட்டுக்குப் போய்த் திரும்பும் கட்சிக்காரர், வைக்கோல் வண்டிக்காரர் என்று யாரையும் விட்டதில்லை. இவை தவிர, மாலையில் புட்பால். ஆட்டத்தில் நான் சுமார்தான். எங்கள் கோல் காப்பவன் கண்டனூர்க்காரன், ஜவுளிக்கடையில் வேலை, தினமும் சைக்கிளில் வந்து போவான். எனக்கு இருந்த ஒரே நண்பன் அவன்.

அச்சுக்கூடத்திலிருந்து மாதப் பத்திரிகை ஒன்று வந்துகொண்டிருந்தது. அதில் மாதம் ஒரு பேய்க் கதை எழுதினேன். ஒருநாள் ஆட்டம் முடிந்து வியர்வை துடைக்கும்போது நண்பன் சொன்னான்:

"எப்பப் பாத்தாலும் சீமைக் கோட்டை, மலையாளத்து மந்திரவாதின்னே எழுதுறியே மாப்ள. எங்க ஊருக்கு வந்து பாரு. வீடு ஒவ்வொண்ணும் கோட்டை கணக்காப் பூட்டிக் கெடக்கு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். முன்தெருவிலிருந்து பின்தெரு வரைக்கும் நீண்டு கிடந்த ஒரு வீட்டைக் காட்டினான். வீட்டுக்காரர்கள் பர்மாவில் இருந்தார்கள். கல்யாணம் காட்சிக்கு மட்டும் வருவார்கள். காவலுக்கு ஒரு பெண்பிள்ளை தனியாக இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கண்டரமாணிக்கத்துக்காரி, புருஷனை இழந்தவள்.

"வாங்க தம்பி, வெயில்ல ஏன் நிக்கிறீக?" என்று பின்கதவைத் திறந்து விட்டாள். ஒவ்வோர் அறையாகக் காட்டினாள். வாரம் ஒரு கட்டாகக் கூட்டித் துடைப்பாளாம். ஒரு கட்டை முடித்து அடுத்ததற்குப் போவதற்குள் முந்தியதில் வௌவால் வந்துவிடுகிறது என்று சிரித்தாள். நான் தூண்களையும் இருட்டையும் மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்.

கதையை இரண்டே நாளில் எழுதினேன். காவல்காரி இருந்தால் பேய் தங்காது என்பதால் அவளை எடுத்துவிட்டேன். பூட்டிய வீடு, உள்ளே செத்துப்போன ஒருத்தி. பின்தெருவில் போகிறவர்களை, "யாராச்சும் இருக்கீகளா?" என்று கூப்பிடுவாள். நின்று பதில் சொன்னவன் வீடு திரும்பமாட்டான். ஊர்ப் பெயரை மாற்றவில்லை. வாசலில் இருந்த வேப்பமரத்தைக்கூட மாற்றவில்லை.

நான் எழுதியதில் அதுபோல எதுவும் ஓடியதில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். சந்தையில் ஒருவர் அந்தக் கதையை, தன் மைத்துனனுக்கு நடந்ததாக எனக்கே சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை. ஆட்டத்துக்கு வந்த நண்பன் சைக்கிளை நிறுத்தும் முன்பே கத்தினான்.

"மாப்ள, ஒன் கதை நெசமாப் போச்சு! அந்த வீட்டுக்குள்ளருந்து கொரல் வருதாம். நேத்துலருந்து பின்தெருப் பக்கம் ஒரு பயலும் போகல. நானே காலையில கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"நீ எழுதுனதுதான். யாராச்சும் இருக்கீகளான்னு."

சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவனைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. பிறகு விளையாடினோம். அன்று நான் ஒரு கோல் போட்டேன்.

மறுநாள் காலை, தொண்டிப் பக்கத்திலிருந்து உப்பு விற்க வந்த ஒருத்தி பின்தெருவில் போயிருக்கிறாள். அவளுக்குக் கதை தெரியாது. குரலைக் கேட்டுச் சன்னலில் எட்டிப் பார்த்துக் கூச்சல் போட்டு ஆட்களைக் கூட்டினாள். கதவை உடைத்தார்கள். காவல்காரி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தாள். இரண்டு இரவு கிடந்திருக்கிறாள். சன்னல் வரைக்கும் முழங்கையால் ஊர்ந்து வந்திருக்கிறாள், தோல் வழன்றிருந்தது.

நாலாம் நாள் போய்ப் பார்த்தேன். முன்கட்டில் பாயில் படுத்திருந்தாள். வைத்தியர் மூங்கில் வைத்துக் கட்டியிருந்தார். காய்ச்சல். என்னை அடையாளம் தெரிந்தது.

"வெயில்ல வந்தீகளா தம்பி?" என்றாள். பிறகு, "கூப்பிட்டேன். ஆளு வந்தாக. நின்னாக. ஓடிட்டாக. ஏன் ஓடுனாகன்னுதான் தெரியல" என்றாள்.

கதையைச் சொன்னேன். முழுதும் சொன்னேன், நான் எழுதியது என்பதையும் சேர்த்து. கண்ணை மூடிக் கேட்டாள்.

"கூப்பிட்டாளே, அவகிட்ட யாராச்சும் போனாகளா?"

"இல்ல ஆத்தா. அவ பேயி."

"பேயாத்தான் இருக்கட்டும். கூப்பிட்டா என்னன்னு கேக்க வேணாமா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

அடுத்த நாள் அவளுடைய அண்ணன் மகன் வண்டி கொண்டுவந்தான். தூக்கி ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். அலறினாள். "நல்லா இருப்பீக" என்று அந்தப் பையன் என்னைக் கும்பிட்டான். பத்து நாளில் கண்டரமாணிக்கத்தில் செத்துப்போனாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குக் காவல் இருக்க யாரும் வரவில்லை. இப்போது இரண்டு குரல் கேட்கிறது என்றார்கள். அச்சுக்கூட முதலாளி அதையும் எழுதச் சொன்னார். முடியாது என்றேன். ஆனால் மூன்று மாதத்தில் வேறொரு ஊரை வைத்து வேறொரு பேயை எழுதினேன். படம் பார்ப்பதையும் விடவில்லை. விட்டேன் என்று எழுத ஆசைதான்.

நண்பன் ஆட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். அந்த வருஷமே பினாங்கில் ஒரு கடைக்கு ஆள் வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் பிடிக்கவேண்டும். பஸ் ஏற்றிவிடப் போனேன். பெட்டியை மேலே வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அன்னைக்குக் காலையில ரொம்ப நேரம் நின்னு கேட்டேன் மாப்ள. நடுவுல அது இருமுச்சு."

பெட்டியைக் கட்டியவன் மேலேயிருந்து இறங்கினான்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றான். "சொல்ல வந்தேன். நீ அம்புட்டு சந்தோஷமாக் கேட்ட."

கண்டக்டர் கூப்பிட்டான். அவன் ஏறிக்கொண்டான்.